எஃப் வந்துதா சார்?

இடது கையின் நான்கு விரல் நுனிகளிலும் கோடு விழுந்திருக்கிறது. காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போது வலிக்கிறது. ஐம்பதை நெருங்குகிற வயதில் உன் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நான் படும் பாடு இது. உன் கிட்டார் என்றா சொன்னேன்? நம்முடையது. அதில் பாதி என்னுடையது என்பதை இத்தனை வருடமும் நான் மறக்கவில்லை. நான் எதையும் மறக்கிறவன் இல்லை, உனக்கே தெரியும்.

போன மாதம் உன் மனைவி கொண்டுவந்து கொடுத்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு சொந்த ஊரான முத்தாண்டிக்குப்பத்துக்கே போகிறார்களாம். "உங்ககிட்டதான் சேக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாருங்க" என்றார். வாசலிலேயே கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

நீ சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கும் டெக்னீஷியன். நான் அலுவலகத்தில் என்ஜினீயர். ஒரே பஸ். போனில் நான் பார்த்துக்கொண்டிருந்த கிட்டார் பாடத்தை எட்டிப் பார்த்து, "நானும் கத்துக்கட்டா சார்?" என்று நீ கேட்டதில் தொடங்கியது. ஆளுக்குப் பாதி போட்டு ஒன்று வாங்கினோம். உனக்கு ஷிஃப்ட் இல்லாத மாலைகளில், உன் வீட்டு முன்னறையில், கம்பியின் சத்தம் கேட்க வேண்டும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் பழகினோம்.

நீ இடதுகைக்காரன். உன்னைப் போன்றவர்கள் கம்பிகளைத் தலைகீழ் வரிசையில் மாற்றிக் கட்டி, கிட்டாரை மறுபக்கமாகத் திருப்பிப் பிடிப்பார்கள். "ஒரு வாரம் என் பக்கமா கட்டிப் பாக்கவா சார்? அப்புறம் மாத்திடறேன்" என்றாய்.

"பீச்சாங்கைக்குன்னு தனியா ஒரு கிட்டாரா? என் பக்கமே பழகு."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

பழகாத வலது கையால் நீ கம்பிகளைத் தட்டுவது முறத்தில் புடைப்பது போல இருக்கும். "கீழ, கீழ, மேல, மேல, கீழ, மேல" என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே மாதக்கணக்கில் தட்டினாய். வேலையில் பெல்ட் ஓடும் சத்தத்துக்கும் அதையேதான் எண்ணுவாயாம். எனக்குத் தாளம் சுலபமாக வந்தது, விரல்தான் வரவில்லை. சி, ஜி, ஏ மைனர் என்று கம்பிகளை அழுத்தும் மூன்று பிடிகளை எப்படியோ பிடித்துவிட்டேன். எஃப் மட்டும் முடியவில்லை. அதற்கு ஆட்காட்டி விரலை எல்லாக் கம்பிகளின்மேலும் கிடத்தி அழுத்த வேண்டும். என் விரலுக்கு அடியில் கடைசிக் கம்பி மட்டும் செத்த சத்தம் போடும்.

"பி.இ. படிச்சவரு, ஒத்த விரல நேரா வைக்கத் தெரியலியா? கல்லு மூட்டைய தூக்கிக்கினு நிக்கற மாதிரி தோள வச்சிக்கினு இருக்கீங்களே சார், எறக்குங்க" என்பாய்.

பொங்கலுக்கு நம் குடியிருப்புப் பிளாக்கில் நிகழ்ச்சி வைத்தார்கள். ஆளுக்கொரு பாட்டு வாசிப்பதாகப் பேர் கொடுத்திருந்தோம். ஒத்திகையன்று, "ரெண்டு பேரும் ரெடியா?" என்று கேட்டார்கள். நான் தலையாட்டினேன். நீ குறுக்கே வந்து, "சாருக்கு எஃப் இன்னும் வரலீங்க. அடுத்த வருசம் ரெண்டு பேருமே வாசிக்கறோம்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு முன்னால் பதவி உயர்ந்த இருவரும் அதில் இருந்தார்கள். கிட்டாரை நாற்காலியில் வைத்தேன்.

"நீயே வச்சுக்கோ. உன் பக்கமே கட்டிக்கோ."

நீயும் மேடை ஏறவில்லை என்று பிறகு தெரிந்தது. அதனால் என் கோபம் குறையவில்லை. இன்றும் சொல்கிறேன், அத்தனை பேர் முன்னால் நீ அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

பதினொரு வருடம் அதே பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். போன வருடம் பஸ் ஸ்டாப்பில் அருகே வந்து நின்று, "எஃப் வந்துதா சார்?" என்று கேட்டாய். குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்துத் தள்ளிப் போய் நின்றேன். மூன்று மாதம் கழித்து, நீ இறந்துவிட்ட செய்தியைப் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டதில்தான் தெரிந்துகொண்டேன். உனக்கு நோய் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்கள்மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் அன்று பஸ் ஸ்டாப்பில் சட்டை உன் தோளில் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேனே. அதற்குமேல் யார் என்ன சொல்ல வேண்டும்?

போன மாதம் உன் மனைவி வாசலில் நிற்கும்போதே கிட்டார் உறையைப் பிரித்தேன். கம்பிகள் உன் பக்கமாகக் கட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். தடித்த கம்பி மேலே, மெல்லிய கம்பி கீழே. என் பக்கம்தான்.

"மாத்திக் கட்டிக்கலாமேன்னு நானும் கேட்டேங்க" என்றார் அவர். "'சாரு திடீர்னு வந்து எடுத்தாருன்னா கை தடுமாறிடும்'பாரு. கம்பி அறுந்தா புதுசையும் இதே மாதிரிதான் போடுவாரு."

தினமும் வேலை முடிந்து வந்ததும் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருகிறேன். தோளை இறக்குகிறேன். கீழ, கீழ, மேல. சி வருகிறது, ஜி வருகிறது. எஃப்புக்கு மாறும்போது அதே கம்பி அதே செத்த சத்தம் போடுகிறது.

பஸ் ஸ்டாப்பில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. வரலப்பா. சாருக்கு எஃப் இன்னும் வரல.