வீடா என்று கூப்பிட்ட டாக்டர்

திருவண்ணாமலை,
20.1.2004

அன்புத் தோழி வேதாவுக்கு,

தேவிப்ரியா எழுதுவது. அங்கே நீயும் அண்ணாவும் பிள்ளைகளும் சுகம்தானே? பனி ஜாஸ்தி என்று எழுதியிருந்தாய். இங்கே என் குட்டி எழிலுக்கு மார்கழியில் மறுபடியும் இழுப்பு வந்தது. இப்போது தேவலை. இருந்தாலும் அவள் தூங்கும்போது மூச்சை ஒரு தரம் கவனிக்காமல் என்னால் படுக்க முடியவில்லை.

உன் கடிதம் தீபத்துக்கு முன்பே வந்துவிட்டது. விருந்தாளிகள் வந்தார்கள், குழந்தைக்கு உடம்பு சரியில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் பதில் போடாததற்கு அவை காரணமில்லை. பயம்தான் காரணம்.

நீ அனுப்பிய மருத்துவ அகராதியை உருப்போட்டுத்தானே எனக்கு இந்த வேலை கிடைத்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு லாட்ஜ் மாடியில் ஆபீஸ். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வது இன்டர்நெட்டில் வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, டைப் செய்து அனுப்ப வேண்டும். நீ அங்கே பார்த்த அதே வேலை. வெள்ளைக்காரர்கள் மௌனமாக உட்கார இந்த ஊருக்கு வருகிறார்கள். நாங்கள் மாடியில் அவர்கள் ஊர் மூட்டுவலியையும் மூச்சுத்திணறலையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஐப்பசியில் புதிதாக ஒரு டாக்டரின் பதிவுகள் எனக்கு வந்தன. வயதான குரல், நடுநடுவே இருமல். ஒவ்வொன்றையும் முடிக்கும்போது ‘தேங்க் யூ, வீடா’ என்பார். எனக்குப் புரியவில்லை. ஏதாவது மருந்தாக இருக்குமோ என்று அகராதியில்கூடத் தேடினேன். பக்கத்து சீட் தனம் ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, மனுஷன் வீடுதான்டி கேக்கறாரு, உங்க மாடி காலியா இருந்தா வாடகைக்கு விடேன்னு சொல்ல, ஒரே சிரிப்பு. சூப்பர்வைசர் பிரகாஷ் வந்து, பேஷண்டுக்குச் சம்பந்தமில்லன்னா வுட்டுடுங்க மேடம்னு சொன்னார். விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ‘வீடு டாக்டர்’. நானும்தான் சிரித்தேன் வேதா.

அப்புறம் உன் கடிதம் வந்தது. ஆறு வருஷம் உழைத்த ஆஸ்பத்திரியில், வேலை இந்தியாவுக்குப் போகிறது, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாமே. உன் பெயர் வாயில் நுழையாமல் வீடா, வீடா என்று கூப்பிடும் இருமல் டாக்டரிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, எவளோ ஒருத்தி நம்ம நாட்டுல உக்காந்துகிட்டு என் சோத்துல கைய வெச்சிட்டாடி என்று. பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ என்றும் சேர்த்திருந்தாய்.

அவள் நான்தான்.

கேட்டு வாங்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்றுகூட எங்களுக்குச் சொல்வதில்லை. ஆனால் தெரிந்த பிறகும் நான் விடவில்லையே. எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வேலை பார்த்த கீழ்பென்னாத்தூர் கடலை எண்ணெய் மில், வெளிநாட்டுப் பாமாயில் மலிவாக வந்ததும் மூடியது உனக்குத் தெரியும். என் வேலைய எடுத்துக்கிட்டது யாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது தேவி, உன் சிநேகிதிக்காவது தெரியட்டும்னு சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அப்படியும் எழுதவில்லை. டாக்டர் உன் பெயரைச் சொல்லும்வரை அந்த இடம் உன்னுடையதுதான், நான் சும்மா பார்த்துக்கொள்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பொங்கல் கழிந்து வேலைக்குப் போன முதல் நாள், அவர் வெறும் ‘தேங்க் யூ’வோடு நிறுத்திவிட்டார். நீ இப்போது அங்கே இல்லை என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். அடுத்த பதிவிலும் உன் பெயர் இல்லை. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்து, மிச்சத்தை டைப் செய்தேன்.

வேலையை விட்டுவிட்டேன் என்று உனக்கு எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை. நாளைக்கும் போவேன். நான் விட்டால் அது உனக்கு வராது, தனத்துக்குத்தான் போகும் என்று சொல்லிப் பார்க்கிறேன். மனசு கேட்கவில்லை.

உனக்கு நல்ல வேலையாக அமைய வேண்டும் என்று கோயிலில் நின்றால், நான் கேட்டால் பலிக்குமா என்று வேண்டிக்கொள்ளாமலே திரும்பிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். போன் பண்ணு. திட்டுவதற்காவது பண்ணு. எடுத்ததும் என்னிடமிருந்து பேச்சு வரவில்லையென்றால், லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதேடி.

உன்,
தேவி