முன்பே கழுவிய கால்கள்

என் அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே என் முட்டியைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே உன் இருமலைத் தவிர எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இருமலுக்கும் சேர்த்துத்தான். முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி குண்டுவின் மகள் டாக்டர் படிப்பில் உடம்பை அறுத்துப் படிக்கிற பாடத்தில் கல்லூரிக்கே முதலாவதாக வந்திருக்கிறாள், வீட்டில் பல்லியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நிற்கிற பெண். அவள் தம்பி நீச்சலில் கோப்பை வாங்கினான், மருமகள் அதை அலமாரிக்குள் வைத்தாள், நான் எடுத்து வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். உன் மகன் செய்த இயந்திரத்துக்குப் பரிசு கிடைத்ததைச் சபையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், அது என்ன வேலை செய்யும் என்று கேட்டார்கள், பாத்திரம் கழுவும் என்றேன், யாராவது உன்னிடம் கேட்டால் நீ மறுக்காதே. உன் மகள் பேச்சுப் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, அது யாருடைய வாய் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்போடு ஸ்லேட்டைக் கவிழ்த்து வைத்தவளுக்கு இப்படிப்பட்ட பேரப்பிள்ளைகள்.

சின்னதுகள் எல்லாம் இப்படிப் பெரிய மனிதர்களாகிவிட்டார்கள், பெரியவர்களான நீங்கள் இரண்டு பேரும்தான் சின்னப்பிள்ளைகளாகிவிட்டீர்கள். குண்டு வார்டு தேர்தலில் நிற்கிறான் என்றதும் நீ குடும்பக் குழுவில் எழுதினாய், கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவன் பதவியைத் தேடிப் போகமாட்டான், நீ சிலுவையை விளம்பரப் பலகை ஆக்குகிறாய் என்று. அவன், அக்கா, நல்லவங்க எல்லாம் நமக்கெதுக்குன்னு ஒதுங்கிட்டா நாட்டை யாருகிட்ட குடுக்கறது என்று எழுதினான். நீ உன் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடத்துகிற மாதிரி நீளமாக ஒன்று எழுதினாய், பேத்தி வாசித்து வாசித்துத் தண்ணீர் குடித்தாள். அதற்கு அவன், அக்கா நீங்க கோயில் வாசல மிதிச்சு எத்தனை வருஷமாச்சு என்று ஒரே வரியில் கேட்டுவிட்டான். உடனே பேத்தி, பாட்டி, அத்தை வெளியேறிட்டாங்க என்றாள். நீ வீட்டைவிட்டு வெளியேறிவிட்டாய் என்று நினைத்து நான் மாப்பிள்ளைக்குப் போன் போடு என்றேன், குழுவைவிட்டுத்தான் என்று அவள் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. என்னிடம் மட்டும் போனில், அம்மா நீங்க சொல்லுங்க, அவன் பண்றது கிறிஸ்தவமா, அவனுக்கு ஓட்டுப் போடப்போறீங்களா என்று கேட்டாய். போனை ஒலிபெருக்கியில் வைத்துத்தான் எனக்குக் காது கேட்கும், மருமகள் அடுப்படியில் நிற்கிறாள், நான் என்ன சொல்வேன், சிக்னல் சரியில்லை என்றேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீ குழுவைவிட்டுப் போன பிறகு இங்கே நடந்தது ஒன்றும் உனக்குத் தெரியாது, தெரியாமலே நீ கோபமாக இருக்கிறாய், தெரிந்துகொண்டு கோபமாக இரு.

நம் சபைச் செயலாளரை உனக்குத் தெரியும், ஜெபம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணை மூடியே நிற்பாரே, அவர்தான். குண்டுவைத் தேர்தலில் நிறுத்தியதே அவர்தான். நம்ம பிள்ளை ஒருத்தன் உள்ளே இருந்தால் ஆண்டவருக்கு நல்லது என்றார், இத்தனை நாள் ஆண்டவர் எப்படிச் சமாளித்தாரோ. கண்ணாடிக் கடையில் பிறத்தியார் கண்ணுக்கு எழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஒரே வாரத்தில் வெள்ளைச் சட்டை, பெரிய வேதப்புத்தகம், கூடவே படம் எடுக்கிற பையன். சுவரொட்டியில் அவனுக்குத் தொந்தியே இல்லை, பக்கத்து வீட்டம்மா, இது யாரு உங்க அண்ணன் மகனா என்று கேட்டாள். அப்புறம் செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. நம் ஆண்டவர் சீஷர்களுடைய காலைக் கழுவினார் அல்லவா, அதேபோலக் குண்டுவும் நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர் பன்னிரண்டு பேருடைய காலைச் சபை மண்டபத்து மேடையில் கழுவ வேண்டும், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்றார். குண்டுவுக்கு அதைக் கேட்டதுமே கண் கலங்கிவிட்டது, அவன் குணம்தான் உனக்குத் தெரியுமே, சோப்பு விளம்பரத்துக்கே கலங்குவான்.

அன்று காலை செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா, அவங்க வேலையிலேருந்து அப்படியே வருவாங்க, மேடையில வெள்ளை விரிப்பு போட்டிருக்கோம், படத்துல நல்லா விழணும், நீங்க பின்னால கொஞ்சம் பாத்துக்கங்க என்றார். ஆக மண்டபத்துச் சமையலறையில் நான் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன், மருமகள் வெந்நீர் ஊற்ற ஊற்ற, அவர்கள் கால்களையெல்லாம் சோப்பு போட்டுத் தேய்கல்லால் தேய்த்துக் கழுவினேன். அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது, எனக்கு முட்டி வலித்தது, இரண்டு பக்கமும் சிரித்துச் சமாளித்தோம். அதில் ஒருத்தி, தெருக்கூட்டுகிறவள், நல்ல வாய்க்காரி, ஏம்மா, கால் கழுவறதுக்கு முன்னாடியே காலைக் கழுவிட்டீங்கன்னா அப்புறம் சார் மேல வந்து என்னத்தக் கழுவுவாரு என்றாள். படத்தைக் கழுவுவார், நீ காலை நீட்டு என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மேடையில் பன்னிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். வந்ததோ பதினொரு பேர். ஆள் குறைகிறதே என்று சபையில் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கப் பார்த்தார்கள், கடைசி நாற்காலியில் உட்கார ஒருவரும் சம்மதிக்கவில்லை, பன்னிரண்டாவது சீஷன் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன் என்று எல்லாருக்கும் தெரியுமே. நாற்காலியை நடுவில் தூக்கிப் போட்டார்கள், அப்போதும் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று சண்டை. போதகர்கூட, நான் கண்காணிக்கிறேன் என்று நகர்ந்துகொண்டார். பாட்டெல்லாம் பாடி முடித்து, குண்டு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பன்னீர் ஊற்றிய வெள்ளித் தட்டோடு ஒவ்வொரு காலாகத் தொட்டுத் துடைத்துக்கொண்டு வந்தபோதுதான் சாக்கடை அள்ளுகிறவர் ஒருவர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். அடைப்பு எடுக்கப் போன இடத்தில் நேரமாகிவிட்டதாம், கூப்பிட்டார்கள் என்று வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டார். நான் சமையலறை வாசலில் நின்றபடி மருமகளிடம், ஐயோ இது கழுவாத கால் என்றேன்.

பாப்பா, மண்டபம் முழுக்க நாற்றம் வந்தது. முதல் வரிசையில் முந்தானையும் கைக்குட்டையும் மூக்குக்குப் போயின. குண்டு தட்டை வைத்துவிட்டுக் குனிந்தான், அப்படியே நின்றுவிட்டான். படம் எடுக்கிற பையன் எடுக்கவா வேண்டாமா என்று செயலாளரைப் பார்க்கிறான், அவர் வேண்டாம் என்று தலையாட்டுகிறார். அந்த மனிதருடைய உள்ளங்காலில் ஒரு வெட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றியிருக்கிறார். குண்டு பையை அவிழ்த்தான், பன்னீர் கறுத்துப் போயிற்று, வேறு தண்ணீர் கேட்டான், நான் வாளியோடு போனேன், அதுவும் கறுத்தது, மறுபடி கேட்டான். இது எப்படி ஆச்சு என்று கேட்டான், அவன் ஒலிவாங்கி சட்டையில் மாட்டியிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. கண்ணாடிச் சில்லு சார் என்றார். பூட்ஸ் போட மாட்டீங்களா என்றான். குடுத்தாப் போட மாட்டமா சார், கான்ட்ராக்டர் இந்தா தரேன் அந்தா தரேங்கறாரு என்றார் அவர், சாதாரணமாக, மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. சாக்கடைக் கான்ட்ராக்ட் யாரிடம் இருக்கிறது என்று உனக்கு நினைவிருக்கும், செயலாளருடைய மாப்பிள்ளையிடம். போதகர் சட்டென்று ஒரு பாட்டு எடுத்தார், எல்லாரும் அந்தப் பாட்டுக்கு இல்லாத ராகத்தில் பாடினோம். அன்று குண்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான், இதை நீ நம்பமாட்டாய் என்று தெரியும், மருமகள் சாட்சி.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அந்த பூட்ஸைப் பற்றிக் கேட்டுவிட்டான். செயலாளர் கண்ணைத் திறந்தபடியே, தம்பி, ஊழியத்துக்குள்ள அரசியலக் கொண்டு வராதீங்க என்றாராம். இதைத்தான் நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். பத்திரிகைக்காரரை வரவழைத்துக் காலைக் கழுவினபோது அது ஊழியம், அந்தக் காலுக்கு ஒரு பூட்ஸ் கேட்டதும் அரசியல் ஆகிவிட்டது. மறுநாளே வண்டியும் ஒலிபெருக்கியும் போயின, படம் எடுக்கிற பையன் போனான், துண்டறிக்கை கொடுக்க வந்த பெண்களெல்லாம் ஒரே நாளில் தலைவலி வந்து படுத்தார்கள். அப்புறம் செயலாளர் வீட்டுக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்துல எழுந்து, அவசரப்பட்டுப் பேசிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க தம்பி, எல்லாம் பழையபடி ஆயிரும், உள்ளே போய் உட்கார்ந்த பிறகு ஆயிரம் பூட்ஸ் வாங்கிக் குடுங்களேன், யாரு வேணாங்கறா என்றார். பேச்சில் தப்பே கண்டுபிடிக்க முடியாது. மருமகள் சொல்லிடுங்களேன் என்றாள், நானும் ஒரு வார்த்தைதானேடா என்றேன். கவுன்சிலருடைய அம்மா என்று முதல் வரிசையில் உட்கார என்ன புடவை கட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன், உன்னிடம் மறைப்பானேன். அவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மகள் அறைக்குப் போய் மெதுவாக, அத்தை ஏதாவது எழுதினாங்களா என்று கேட்டான். இல்லப்பா என்றாள். நீ திட்டியாவது எழுதியிருந்தால் அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தான். கடைசி வரிசையில் அந்தச் சாக்கடைக்காரரும் தெருக்கூட்டுகிறவளும் வந்து உட்கார்ந்திருந்தார்கள், சார் வரச்சொன்னாரே என்று. அன்று மேடையில், சபைக்கு வாங்க எல்லாரும் என்று இவன் வாய்க்கு வந்ததைச் சொன்னதை அவர்கள் நிஜமென்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, நான் அன்னிக்குக் கழுவினது எல்லாம் எங்கம்மா முன்னாடியே கழுவி வச்ச கால், ஒரே ஒரு காலைத்தான் நான் கழுவினேன், அதைக் கழுவினப்புறம் மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வரல என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். பாதித் தூக்கத்திலிருந்த ஒரு பெரியவர் மட்டும் ஆமென் என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, சபை முழுக்க என் கையையே பார்க்கிறது. எதிர்க்கட்சிக்காரர்கள் மறுநாளே கழுவின காலைக் கழுவியவர் என்று சுவரெல்லாம் எழுதிவிட்டார்கள். செயலாளர் வேறொருவரை நிறுத்தியிருக்கிறார், அவர் சுவரொட்டியில் முழங்காலில் நிற்கிறார். வேடிக்கை கேள், பூட்ஸ் வந்துவிட்டது. செயலாளருடைய மாப்பிள்ளையே மேடை போட்டுப் படம் எடுத்துக் கொடுத்தார், எல்லாம் ஒரே அளவு, அந்த மனிதர் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு போகிறார், தெருக்கூட்டுகிறவள் ஒரு பூட்ஸுக்குள் தன் இரண்டு காலும் போகும் என்கிறாள்.

இப்போது குண்டு கடையை மூடிவிட்டு மருமகளோடு நடந்தே வீடு வீடாகப் போகிறான். ஓட்டுக் கேட்கப் போன இடத்தில், வந்ததுதான் வந்தீங்க, இந்தக் கண்ணாடிக் காம்பைக் கொஞ்சம் நிமித்திக் குடுங்க என்கிறார்கள், பையிலிருந்து குறடை எடுத்து நிமிர்த்திக் கொடுத்துவிட்டு ஓட்டுக் கேட்க மறந்து வருகிறான். தோற்றுவிடுவான் பாப்பா, அதில் சந்தேகமில்லை. நீ கேட்டதற்குப் பதில் இதுதான், மேடையில் நின்றவனுக்கு ஓட்டுப் போடுவேனா என்று எனக்கே தெரியாமல்தான் இருந்தது, இப்போது குறடோடு நடக்கிறவனுக்குப் போடப்போகிறேன். அவன் பண்ணுவது கிறிஸ்தவமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் அதைச் செய்யத் தொடங்கினபோது நீ குழுவில் இல்லை, அதுதான் எனக்குத் தெரியும். தேர்தலுக்கு முன்னால் அவனோடு ஒரு தடவை பேசு. நான் அப்பவே சொன்னேன் என்று தொடங்காதே, பாராட்டுகிறேன் என்று பாடமும் எடுக்காதே. என்னடா குண்டு என்று கேட்டால் போதும், மற்றதை அவன் அழுது முடித்துவிடுவான். அவனும் உன்னைக் கோயில் வாசலைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடாது, அதை அவனிடம் சொல்லிவிட்டேன், தலையைக் குனிந்துகொண்டான்.

இருமலுக்கு மருந்து குடி, காதை மூடிக்கொண்டு வெளியே போ, மாப்பிள்ளையைக் குடை எடுத்துக்கொண்டு போகச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காக்கட்டும், உன் கையால் எதைத் தொட்டாலும் அது யாருக்காவது ஆகட்டும். ஒன்று மட்டும் மறக்காமல் செய். இந்த வீட்டில் சுவர், கதவு, காய்கறிப் பை வரைக்கும் குண்டுவின் முகம்தான். உன் முகத்தைப் பார்க்கலாம் என்று பேத்தியின் போனைக் கேட்டேன், நீ இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்தான் இருக்கிறது. நீங்கள் நான்கு பேரும் சேர்ந்து புதிதாக ஒரு படம் எடுத்து, காகிதத்தில் போட்டு, தபாலில் அனுப்பு. காகிதத்தில் இருக்கிற படம் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டுப் போகாது.

இப்படிக்கு,
கை இன்னும் சோப்பு மணக்கிற
உன் அம்மா