எனக்கு வந்த மாலை

பண்டசோழநல்லூர்

அன்பு மகன் வீரமணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை ஜெயசுதாவும் நலம். நான் நலம் என்பதை என் கையாலேயே எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்து நிச்சயம் பண்ணிக்கொள். நீ போனை அணைத்துப் போட்டுவிட்டதால் உன் கூட்டாளி ஹரிஹரனிடம் கெஞ்சிக் கேட்டு இந்தப் புனே விலாசத்தை வாங்கினேன்.

போன புதன்கிழமை நான் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன், போன் சட்டையோடு மோட்டார் கொட்டகையில் தொங்கியது. அந்த நேரம் பார்த்து தவளக்குப்பத்திலிருந்து உன் மாமா செல்லப்பன் வேன் பிடித்து வந்து நம் வாசலில் இறங்கியிருக்கிறான். கையில் ஆளுயர ரோஜா மாலை, பின்னால் தெருமுனையிலிருந்தே மார்பில் அடித்துக்கொண்டு வரும் பெண்கள், அவன் பெண்டாட்டி கையில் தாம்பாளம், அதில் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை. மீன் கழுவிக்கொண்டிருந்த உன் அம்மா வெளியே வந்து அந்தப் புடவையைப் பார்த்தாள். புருஷன் செத்தால்தான் கூடப்பிறந்தவன் அதைக் கொண்டுவருவான் என்று அவளுக்குத் தெரியாதா, அப்படியே வாசலில் சாய்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு நான் மண்வெட்டியோடு ஓடிவந்தால், "யோவ் மாமா, நீ இன்னாய்யா இங்க நிக்கிற" என்று கேட்கிறான். வேறு எங்கேடா நிற்கணும் நான், சுடுகாட்டிலா?

பிறகுதான் விஷயம் தெரிந்தது. கார்டு கடன் வசூல் பண்ணுகிறவனிடம், அப்பா செத்துவிட்டார், காரியம் முடியட்டும், ஒரு மாசம் பொறுங்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவன் நம்பாமல், கார்டு வாங்கும்போது நீ எழுதிக்கொடுத்த மாமா நம்பருக்கே போட்டு நிஜமா என்று கேட்டிருக்கிறான். இவன் எனக்குப் போட்டால் எடுக்க ஆளில்லை, உனக்குப் போட்டால் அணைந்து கிடக்கிறது, நம்பிவிட்டான். செல்லப்பன் அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தான். ஆடியிலேயே உனக்கு வேலை போனது, மூன்று கார்டு, வட்டிக்கு வட்டி, எல்லாவற்றையும் தெருவே நின்று கேட்டது. எனக்கு ஆயுசு கெட்டி என்று ஊரே சொல்கிறது. எதற்குடா கெட்டி, இதையெல்லாம் பார்க்கவா?

மாசாமாசம் நீ அனுப்பியது சம்பளம் இல்லையாம், கார்டில் தேய்த்து எடுத்த கடனாம். அதில் புது மோட்டார் போட்டு, பையன் சம்பளம் என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டேன். வேலை போச்சுப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்றிருப்பேனே. அப்பா திட்டுவார் என்று பயந்தாயாம், ஹரிஹரன் சொன்னான். திட்டுக்குப் பயந்தவனுக்கு அப்பனைச் சாகடிக்க மட்டும் எங்கிருந்து தைரியம் வந்தது? வயிறு எரிகிறதுடா. உன் அம்மா இப்போதெல்லாம் நான் கரும்புக் கொல்லைக்குப் போனாலும் பின்னாலேயே வந்து வரப்பில் நிற்கிறாள்.

வில்லியனூரில் ஒரு வக்கீலைப் பார்த்து நிலத்தை விற்று அடைத்துவிடட்டுமா என்று கேட்டேன். அதில் உன் தங்கைக்கும் பங்கு இருக்கிறது, அதை ஏன் விடுகிறீர்கள் என்றார். திவாலாகிவிட்டேன் என்று உன்னைக் கோர்ட்டில் எழுதிக்கொடுக்கச் சொன்னார், அதுதான் மஞ்சக் கடுதாசி, ஆனா பையன் எதையும் ஒளிக்கக் கூடாது பெரியவரே என்றார். நம் வகையறாவில் யாரும் மஞ்சக் கடுதாசி கொடுத்ததில்லை. பரவாயில்லை, கொடு. மானம்தான் வேனேறிப் போய்விட்டதே. கோர்ட்டில் நானும் உன் பக்கத்தில் நிற்கிறேன், மற்றதை வீட்டுக்கு வந்ததும் திட்டிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. நீ நல்லபடியாக இருக்கணும் என்று அம்மா சாமிக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறாள், என் ஆசீர்வாதமும் உண்டு. ஏடாகூடமாக எதுவும் பண்ணிவிடாதே மகனே. பொய்ச்செய்திக்கே அவள் விழுந்துவிட்டாள். இது கிடைத்ததும் போனைப் போடு. பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். உயிரோடு இருக்கிறேன் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லு, போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அ. பலராமன்