மடவைச் செவுளில் சுழன்ற சக்கரம்

இன்று காலை கோட்டைச் சமையற்கட்டில் ஒரு மடவை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். விரலில் கோழை ஒட்டியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ காய்ச்சலில் போய் ஆறு மாதமாகிறது. மீன் நாற்றத்தில் உன்னை நினைக்கிறேன் என்றால் நீ சிரித்திருப்பாய்.

பெரிய துரையின் விருந்துக்கு நீ ஏரியில் பிடித்து உயிரோடு கொண்டுவந்த மடவைகளைக் கோட்டை ஒல்லாந்தர்கள் ஒரே தொட்டியில் நெருக்கி விட்டார்கள். நாலாம் நாள் அவை சுவரில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துச் செத்தன. நோய் மீன் கொடுத்துவிட்டாய், இனிமேல் கோட்டைப் பக்கம் வராதே என்றார்கள். உன் வீட்டில் உலை கொதித்ததே அந்த வியாபாரத்தில்தான்.

கோட்டை வைத்தியர் துரை பித்தளைத் தகட்டில், சிறியதைப் பெரிதாகக் காட்டும் ஒரு கண்ணாடி மணியைப் பதித்து வைத்திருந்தார். செவுள் கோழையில் ஒரு துளியை அதன் முன் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நம்மைப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர் மணி வழியே வட்டமாகத் தெரிந்தது. விளிம்பெல்லாம் மெல்லிய மயிர்கள் துடித்தன. நடுவில் வளைந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்த ஒரு வளையம். மொத்தமும் சக்கரமாகச் சுழன்றது. அந்தப் பல்லால்தான் மீனைக் கடித்துக் கொல்கிறது என்றார் வைத்தியர்.

"கடிக்கல பாய். வீச்சுவலை விளிம்பு கணக்கா குந்தி புடிச்சிக்குது. ஏரி மடவை ஒண்ணையும் பாக்கச் சொல்லு. கெட்டது மீனு இல்ல, இவங்க தொட்டித் தண்ணி" என்றாய் நீ.

நான் கோட்டை துபாஷி, துரைமாருக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்பவன். தொட்டியைக் குறை சொன்னால் என் வேலை என்னாவது? மீனவன் மன்னிப்புக் கேட்கிறான் என்று வைத்தியரிடம் சொல்லிவைத்தேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்துத் தலையாட்டினார். நீ விடவில்லை.

"இன்னா பாய், திட்டுனா சிரிக்கிறாரு? நான் சொன்னத அப்டியே சொல்லு."

இந்த முறை அப்படியே சொன்னேன். வைத்தியர் உன் படகிலேயே ஏரிக்கு வந்து, தொப்பியைக் காற்றுக்குப் பறிகொடுத்துத் திரும்பினார். ஏரி மடவையின் செவுளிலும் அதே சக்கரம்; ஆனால் தொட்டி மீனில் மொய்த்ததுபோல் இல்லை, இரண்டே இரண்டு. துள்ளிய மீன் வைத்தியர் கன்னத்தில் ஒன்று வைத்ததை மறக்க முடியுமா? தொட்டி கழுவப்பட்டது, நீ மறுபடி மீன் போட்டாய். முதலில் நான் சொல்லிவைத்த மன்னிப்பு உனக்குத் தெரிந்த பிறகு நான் உனக்கு 'மன்னிப்பு பாய்' ஆகிவிட்டேன்.

இன்று மதியம் ஒரு நெசவாளி, துணி வாங்கும் துரையின் முழக்கோல் நியாய அளவைவிட நீளம் என்று என்னிடம் சொல்லி நின்றான். வழக்கம்போல நாக்கு அவன் பேச்சில் தடவச் சர்க்கரை தேடியது. அடக்கிக்கொண்டு அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. கோலை அளக்க ஆள் போயிருக்கிறது. நாளை எனக்கு வேலை இருக்குமோ தெரியாது. ஆனால் உன் பேச்சை அன்று பாதி வழியில் போட்டவன், இன்று ஒருவன் பேச்சை முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன்.