வெட்டுப்பட்ட கடைசிப் பத்தி

அக்கா,

அத்தான் டத்தோ கிராமாட்டில் இருக்கும் உங்கள் வீட்டைக் காலி செய்கிறார். ஐஸ்பெட்டியை நகர்த்தியபோது காந்தம் நழுவி, நீ கதவில் ஒட்டி வைத்திருந்த என் கட்டுரை தரையில் விழுந்தது. எடுத்தேன். இன்னும் வெந்தய வாசனை. கருப்பைக் கட்டி உள்ளவர்கள் எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்கலாம் என்று எங்கள் நாளிதழின் பெண்கள் பக்கத்துக்கு நான் எழுதியது. ஒவ்வொரு வரிக்கும் நேரே நீ பேனாவால் டிக் போட்டிருக்கிறாய்.

உனக்குப் பல வருட வலி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்தில் சுடுநீர்ப் புட்டியை வயிற்றோடு அணைத்தபடி போவாய். கட்டுரை வந்த வாரமே சீனியை விட்டாய். வெள்ளைச் சோற்றுக்குப் பதில் கேழ்வரகு, கீரை, மீன்.

"நாசி கண்டார் சோத்துக் கடை அண்ணே கேக்குறாரு, என்னக்கா நம்மகூட கோவமான்னு. எல்லாம் உன்னாலதான்டி லா!" என்று சிரித்தாய்.

சில மாதங்களில் வலி தணிந்தது. ஸ்கேன் தேதியை நீ தள்ளிப்போட்டது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. இரு மாதவிலக்குகளுக்கு நடுவில் இரத்தம் கண்டபோது, எதைத் தவறாகச் சாப்பிட்டோம் என்று யோசித்து, கீரையைக் கூட்டிக்கொண்டாயாம். அத்தான் பிறகு சொன்னார்.

கட்டுரையில் இன்னொரு பத்தி இருந்தது. உணவு துணை மட்டுமே, வலி குறைந்தாலும் பரிசோதனையை நிறுத்தக்கூடாது, இடையில் இரத்தம் கண்டால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று. இடம் போதாவிட்டால் பக்கம் அமைப்பவர் கீழிருந்துதான் வெட்டுவார். அது தெரிந்திருந்தும் அந்தப் பத்தியைக் கடைசியில் வைத்தேன். மறுநாள் காலைத் தாளில் அந்தப் பத்தியின் இடத்தில் ஒரு விளம்பரம் இருந்தது. பார்த்தேன். வழக்கம்தானே என்று தாளை மடித்து வைத்தேன். உனக்கு ஒரு போன் செய்திருக்கலாம்.

கருப்பையில் புற்று இருந்து, அது பரவியும்விட்டது என்று தெரிந்த அன்று, மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "நீ எழுதுனதுல எதையாச்சும் விட்டுட்டேனாடி?"

"இல்லக்கா" என்றேன்.

இப்போதெல்லாம் உடல்நலக் கட்டுரை எதுவானாலும் அந்த எச்சரிக்கைதான் என் முதல் வரி. "கொஞ்சம் சுவாரசியமா ஆரம்பிங்களேன்க்கா" என்கிறார்கள் அலுவலகத்தில். மாற்றுவதில்லை.

உன் கத்தரி அந்தத் தாளின் கீழ் ஓரத்தை நேராக வெட்டியிருக்கிறது, அதோடு கட்டுரை முடிந்தது என்று நம்பி. அதை என் கைப்பையில் வைத்திருக்கிறேன். நீ எதையும் விடவில்லை, அக்கா. நான்தான்.