அம்மா பாடமாக்கிய உன் கடிதங்கள்

என் ஆசைத் தம்பி குகனுக்கு,

நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது ஒரு வரி எழுதவில்லை. நீயும் எனக்கு எழுதவில்லை. இப்போது எழுதி, ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் நடத்தும் சஞ்சிகைக்குக் கொடுக்கிறேன். எல்லாரும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். கடலில் போன உனக்கு வேறு எந்த விலாசம் போடுவது?

அம்மா என்னோடுதான் இருக்கிறார். சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த காலத்தில் கூப்பிட்டுவிட்டேன். ஒஸ்லோவின் ஓரத்தில், குறூருட் என்ற இடத்தில் ஒரு மாடிவீடு, யன்னலால் பார்த்தால் காடும் பனியும். இப்போது பாதை மூடிவிட்டது, ஊரில் திரும்பவும் சண்டை. சமாதானம் பேசிக் களைத்த இந்த நாட்டில் நான் திரிக் ஓட்டுகிறேன். திரிக் என்றால் தெருவில் தண்டவாளம் போட்டு ஓடுகிற வண்டி. கணிதத்தில் பட்டம் வாங்கினவன், போன வழியாலேயே திரும்பி வருகிறேன். இதைக் கேட்டால் நீ சிரிப்பாய். சிரி.

அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது. குசினிக்குள் அடுப்படியில் நின்றுகொண்டு, "கிணத்தடிக்கு எந்தப் பக்கத்தாலை போறது?" என்று கேட்கிறார். என் பெயரைச் சிலவேளை தேடுகிறார். ஆனால் உன் கடிதங்கள் மட்டும் போகவில்லை.

அந்தக் கதை உனக்குத் தெரிந்திருக்காது. ஊர் ஆமியின் கைக்குப் போனபிறகு வன்னியிலிருந்து நீ எழுதியவை யாரோ ஒருவரின் சட்டை மடிப்பில், யாரோ ஒரு பெண்ணின் கொண்டைக்குள் இருந்து வந்து சேர்ந்தன. கொப்பித் தாள், பொடி எழுத்து. ஊர்ப் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. கடல் என்று எழுதாமல் வயல் என்று எழுதுவாய். வீட்டில் வைத்திருந்தால் சுற்றிவளைப்பில் அம்மாவையும் கொண்டுபோயிருப்பார்கள். அதனால் அம்மா தேவாரம் பாடமாக்கிய மாதிரி அவற்றைப் பாடமாக்கினார். வாசிப்பாராம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்ப்பாராம். பிழையில்லாமல் வந்ததும் தாளை அடுப்பில் வைத்துவிடுவாராம். உன் கையெழுத்தில் ஒரு எழுத்துக்கூட இன்று மிச்சமில்லை.

இங்கே பின்னேரங்களில் சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து ஒரு தேவாரம் பாடுவார். அது முடிய, மூச்சு விடாமல், அதே இராகத்தில் உன் கடிதம் தொடங்கும்.

"அன்புள்ள அம்மா, நான் நல்ல சுகம். வயலிலை வேலை கூட. உப்புத்தண்ணி பட்டுக் காலெல்லாம் புண். மீன் திண்டு திண்டு அலுத்துப்போச்சு. உங்கடை கத்தரிக்காய்க் குழம்பை நினைச்சுக்கொண்டுதான் சோறு தின்னுறன்."

வயல் என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே உப்புத்தண்ணீர் என்று எழுதினவன் நீ. உன் இரகசியம் அவ்வளவுதான். மருந்து கொடுக்க வீட்டுக்கு வருகிற நோர்வேஜியத் தாதி, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அம்மா முடிக்கும்வரை தலை குனிந்து நிற்பாள். "பிரார்த்தனையா?" என்று ஒருநாள் கேட்டாள். ஓம் என்றேன். கத்தரிக்காய்க் குழம்புக்கு அவள் செய்கிற மரியாதையை நான் ஏன் கெடுக்கவேண்டும்?

இயக்கத்தில் இருந்து போனவர்களின் நினைவுநாளில் எங்களை மண்டபத்தில் முன்வரிசையில் இருத்துவார்கள். நினைவுமலர் போடுகிறவர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். "அண்ணை, தம்பியின்ரை கடிதம் ஏதும் இருக்கோ? மற்றாக்களின்ரை எல்லாம் கிடைச்சிட்டுது." அம்மாவைச் சொல்லவிட்டேன். புண், பல்லுவலி, குழம்பு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இலட்சியத்தைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?" என்றார். "பல்லுவலியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான். தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடும்" என்றேன். அதோடு முன்வரிசையும் போனது. அந்தக் கோபமும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அம்மாவின் வாயில் நான் தேடியது வேறொன்று. நீ என்னை விசாரித்தாயா? அவ்வளவுதான்.

நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட அன்று நீ வீட்டில் நிற்கவில்லை. வேண்டுமென்றே எங்கோ போயிருந்தாய். கொஞ்சக் காலத்தில் நீயும் வீட்டை விட்டு இயக்கத்துக்குப் போனாய், வேறு திசையில். மூத்தவன் நின்றிருக்கவேண்டும் என்பது உன் கோபம். நான்தான் போய்விட்டேனே, நீயாவது நின்றிருக்கவேண்டும் என்பது என் கோபம். தங்கச்சி சாந்தியும் கலியாணம் கட்டி இங்கே பக்கத்து நகரமான திராமனுக்கு வந்துவிட, அம்மா தனித்துப்போனார். நீ இல்லை என்ற செய்தி வந்த நாளிலும் நாங்கள் கதைக்காதவர்கள்தான்.

அம்மா இங்கே சொல்லும் ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரி முடியும். "அண்ணா சுகமோ? நான் அன்பாய்க் கேட்டதாய்ச் சொல்லுங்கோ." நான் நம்பவில்லை. அன்பு என்ற சொல்லை என்னைப் பார்த்து நீ சொன்னதுண்டா? நீ எழுதிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் ரெலிபோன் எடுத்தால், "வயலிலையிருந்து செய்தி வந்தது, சுகமாம்" என்பதோடு அம்மா நிறுத்திவிடுவார். அன்றைக்கு இல்லாத வரி இன்றைக்கு எங்கிருந்து வந்தது?

அது அம்மா கட்டின வரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பின்னேரங்களில் வீட்டில் நிற்பதற்காக வேலை நேரத்தை மாற்றி வாங்கினேன். பொய்யென்று தெரிந்த ஒன்றைக் கேட்பதற்காக. இது என்ன பசி, சொல்லு பார்ப்போம்?

போன சனிக்கிழமை சாந்தி திராமனிலிருந்து ரெயினில் வந்தாள், கொப்பியும் பேனையுமாக. அம்மா முற்றாக மறக்கமுன்னம் எல்லாவற்றையும் எழுதி, சின்னப் புத்தகமாக அடித்துத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டுமாம். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி பல்லுவலிக் கடிதத்தைத் தொடங்கினார். சாந்தி எழுதிக்கொண்டே வந்தாள். கடைசிக்கு வந்ததும் "அண்ணா..." என்றுவிட்டு அம்மா நின்றுபோனார். உதடு அசைகிறது, வரி வரவில்லை. அந்தப் பொய்யும் போய்விட்டதோ?

பிறகு சொன்னார். இராகம் இல்லை. நீ கதைக்கிற மாதிரி, அதே அவசரத்தில்.

"அந்தச் சிடுமூஞ்சி என்ன செய்யுது? பனி ஏன் வெள்ளையாக் கிடக்கெண்டு நோர்வேக்காரனோடை சண்டை பிடிச்சுக்கொண்டு நிப்பான். அவனோடை நான் கதைக்கமாட்டன். நேரிலை கண்டால் முதல் அடி என்ரைதான், இப்பவே சொல்லி வையுங்கோ. குளிருக்குக் காதை மூடச் சொல்லுங்கோ. அவனுக்குச் சின்னனிலையிருந்தே காதுவலி வாறது."

சாந்தியின் பேனை நின்றுவிட்டது.

"அம்மா, இது எந்தக் கடிதத்திலை?"

"எல்லாத்திலையும்தான். அவனைத் திட்டாமல் இவன் எப்ப எழுதினவன்?"

"அப்ப ஏனம்மா அன்பாய்க் கேட்டவன் எண்டு சொன்னனீங்கள்?"

"ரெண்டும் என்ரை பிள்ளையள். ஒருத்தன்ரை சண்டையைக் காவிக்கொண்டு போய் மற்றவனிட்டைக் குடுக்கிறதோ?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் ஆர்? சாப்பிட்டனீரோ?"

நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். தான் சேர்த்த வரியை அம்மா முதலில் மறந்துவிட்டார். நீ எழுதியது அதற்கடியில் அப்படியே கிடந்திருக்கிறது. புண்பட்ட காலோடு, ஆடுகிற வள்ளத்தில், ஒவ்வொரு முறையும் என்னோடு சண்டை பிடிக்க உனக்கு நேரம் இருந்திருக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் நான் இருந்திருக்கிறேன்.

வெளியே வந்தால் சாந்தி, "அண்ணா, பிள்ளையள் வாசிக்கப்போகினம். அதை விட்டிட்டு அம்மா முந்திச் சொன்னதைப் போடுவம். அதுதான் வடிவு" என்றாள்.

"வடிவு உன்ரை கலியாண அல்பத்திலை இருக்கட்டும். இதிலை ஒரு சொல்லை எடுத்தியோ, உன்னோடையும் கதைக்கமாட்டன்."

"இப்ப மட்டும் ஆரோடை கதைக்கிறியள்?" என்று சிரித்துவிட்டு, இருந்து எழுதினாள்.

குகன், நீ எந்த இடத்தில் போனாய் என்று ஒருவரும் எங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. துறைமுகப் பக்கம் திரிக் நிற்கும்போது தண்ணீரைப் பார்ப்பேன். இதுவும் உன் கடலும் எங்கேயோ ஒன்றாகத்தான் இருக்கும். படித்தவனுக்கு அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? உனக்கு இப்போது தலை நரைத்திருக்குமா? அந்தப் பல்லைக் கடைசியில் பிடுங்கினார்களா? வா. வந்து அந்த முதல் அடியைப் போடு. திருப்பி அடிக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். நீ திட்டியது திட்டியபடியே அச்சில் வரும். உன் மருமக்கள் அதை வாசித்து என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். அம்மாவுக்கு அதுவும் மறந்துபோகிற நாளில், அவர் பக்கத்தில் இருந்து நான் சொல்லுவேன், ஒரு சொல்லும் குறையாமல். உன்னை நான் மன்னிக்கமாட்டேன். நீயும் என்னை மன்னித்துவிடாதே. கோபத்தோடேயே இரு, அங்கே.

இன்னும் உன்னோடு கதைக்காத,
உன் ஒரே அண்ணா