மூச்சின் வரைபடம்

செவ்வாய்க் கோள் நிலையம். நாள் 203. காலை 9:10
எழுதுபவர் தமயந்தி, இங்கிருக்கும் ஒரே ஆள். கருவிகள் சீர். அறந்தாங்கியில் ஆசிரியர் பயிற்சி படிக்கும் இருபத்திரண்டு பேருக்கு இந்த வாரப் பாடத்தை அனுப்பினேன்: அறைக் காற்றிலுள்ள கரியமில வாயுவின் பத்து நாள் அளவுகள். விளக்கம் இல்லை. என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டிருக்கிறேன். விடையை நான் சொல்லிவிட்டால் நாளை அவர்களும் பிள்ளைகளுக்கு விடையைத்தான் சொல்வார்கள்.

நாள் 205. காலை 11:40
ஷகிலா பானு என்ற மாணவியின் குரல் வந்தது. "மேம், கோடு தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. இது எங்களுக்காகப் போட்டுக் குடுத்த கணக்கா, இல்ல நெஜமாவே ஏறுதா?"
நான் கவனிக்கவில்லை. எச்சரிக்கை வரம்புக்குக் கீழேதான் இருந்தது. கரியமில வாயுவை நீக்கும் வடிகட்டியைக் கழற்றினேன். உள்தட்டில் விரிசல். மாற்றுத் தட்டு இல்லை.

நாள் 214. மாலை 4:05
2.6 சதவீதம். விரிசல் பெரிதாகிறது. ஓயாத தலைவலி. மீட்புக் கலம் நாள் 251-இல் வரும். மாணவர்களிடம் கோட்டை நீட்டச் சொன்னேன். நாள் 232-இல் எட்டைத் தொடுகிறது. எட்டில் நினைவு தப்பும்.
ஷகிலா மட்டும் 255 என்று அனுப்பியிருந்தாள். அவள் கோட்டில் உயரமான மூன்று புள்ளிகளைக் காணோம். ஏன் என்று கேட்டேன். கேள்வி போக பதினொரு நிமிடம், பதில் வர பதினொரு நிமிடம்.
"நீங்க இருக்கணும்னுதான் மேம் எடுத்தேன்."
திரும்ப வைக்கச் சொன்னேன். பிறகு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

நாள் 226. மதியம் 1:20
5.9. வடிகட்டிக்கு மின்சாரம் போதவில்லை. மாணவர்களிடம் சொல்லிவிட்டுக் குரல் அனுப்பியை நேற்று அணைத்தேன். இனி அவர்கள் பேசுவதைக் கேட்கலாம், நான் பேச முடியாது. வாயு அளவு மட்டும் நிமிடத்துக்கொரு முறை தானாகப் போகும். என் பேச்சு எவ்வளவு சத்தமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

நாள் 231. காலை 10:32
7.3. ஷகிலா இன்று முதன்முறையாக ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். வகுப்பிலிருந்தே பேசினாள்.
"மேம், நீங்க உயிரோட இருக்கீங்களான்னு பசங்க கேட்டாங்க. எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு நான் திருப்பிக் கேட்டேன். மூச்சு விட்டா அளவு ஏறும்னு ஒரு பொண்ணு சொன்னா. போர்டுல குறிச்சுக்கிட்டு இருக்கோம்."
நிமிடக் கணக்கில் பார்த்தால் கோடு தட்டையாகத்தான் இருக்கும். ஏறவில்லை, நான் மூச்சு விடவில்லை என்றே நினைப்பார்கள்.

10:41
வாயு அளக்கும் கருவி நாலடி தூரம். போனேன். முகத்தை அதனருகே வைத்து மூச்சு விட்டேன். 7.9. விலகினேன். 7.3.
ஒரு முறை ஏறினால் கருவிக் கோளாறு என்று யாராவது சொல்ல வேண்டும். நல்ல வகுப்பு என்றால் சொல்வார்கள்.

10:55
இரண்டாவது. 7.8. தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் ஒன்று. எழுந்தி

11:18 (தானியங்கிப் பதிவு)
"மேம், ரெண்டு தடவை ஏறிடுச்சு. மூணாவது தடவையும் ஏறினாத்தான் நம்புவோம்னு பசங்க சொல்றாங்க. பெல் அடிச்சாச்சு, யாரும் எந்திரிக்கல."

11:19 7.3
11:20 7.3
11:21 7.3
11:22 7.3
11:23 7.8